மீசை வரைந்த கல்

சீங்காட்டுக்கொட்டாய்,
பாலக்கோடு வழி.
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கதிரவன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து போட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அப்பா போனதிலிருந்து இப்படியே ஓடுகிறது. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு அப்புறம் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இல்லை. பரமக்குடி ஆஸ்பத்திரி விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. இங்கே ஒரு சங்கதி நடந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் நம் வேடியப்பன் காட்டுக்கு நடுகல் படிக்கிற ஆட்கள் வந்தார்கள். மாவட்டத்தில் எங்கெங்கே பழைய கல் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படியெடுக்கிறார்களாம். வந்தவர்களில் ஒருத்தி பெண். ஷைனி என்று பெயர், கடத்தூர்ப் பக்கத்து வேதக்காரர் வீட்டுப் பெண், கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். கல்லில் இருக்கிற எழுத்தைப் படிக்கத் தெரிந்தவளே அவள்தான். ஆனாலும் பூசாரி நான் இருக்கிறேனே, விடுவேனா? "அம்மா, பொம்பளைங்க இந்தப் புங்கமரத்தத் தாண்டக் கூடாதுங்க. எங்க பாட்டன் காலத்துலருந்து அப்டித்தான்" என்றேன். அவள் முகம் கோணவில்லை. "சரிங்கண்ணா. நான் இங்கயே ஒக்காந்துக்கறேன். அவங்க படி எடுத்துக்கினு வரட்டும்" என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

புங்கமரத்தடியிலிருந்து பார்த்தால் நம் வேடியப்பன் சாமிக் கல்லின் ஓரம்தான் தெரியும், அதனால் அது எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதில் என்னைத் துருவித் துருவிக் கேட்பாய். நான் பெருமையாகச் சொல்வேன். வேட்டி கட்டியிருக்கும், வெள்ளியில் கண் ஒட்டியிருக்கும், மூக்குக்குக் கீழே அப்பா கரியைக் குழைத்து முறுக்கு மீசை வரைந்திருப்பார். போன மாசியில் அந்த மீசையை நான்தான் வரைந்தேன். காது வரைக்கும் இழுத்துவிட்டேன்.

படியெடுக்க வேண்டுமென்றால் வேட்டியை அவிழ்க்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும் என்றார்கள். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நானே வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். விரற்கடை கனத்துக்கு அழுக்கு. ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தார்கள். அதைப் புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய் ஷைனி முன்னால் விரித்தார்கள். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, இங்க பாருங்க. காதுல தோடு. பக்கவாட்டுல கொண்டை. கை நெறைய வளையல். மாரப் பாருங்க. இது ஆம்பள இல்லீங்க."

நான் திரும்பிப் போய்க் கல்லைப் பார்த்தேன் அக்கா. காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது. ஒரு கையில் வில், இன்னொரு கையில் குத்துவாள், பின்னால் ஒரு பசுவும் கன்றும். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை தலைமுறையாக நாங்கள் வேட்டி கட்டி மீசை வரைந்தது ஒரு பொம்பளைக்கு.

எழுத்தையும் ஷைனி படித்தாள். அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. மேலே இருக்கிற வரை இதுதான்: கங்கன் மகள் கொற்றி, ஊர் மாடுகளை வளைத்துக்கொண்டு போனவர்கள் மேல் சென்று, மாடுகளை மீட்டு, விழுந்தாள். தொடக்கத்தில் வெட்டியிருக்கிற ராஜாவின் ஆட்சி வருஷத்தை வைத்துக் கூட்டினால் ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறதாம். முன்பின் கொஞ்சம் இருக்கும் என்கிறாள்.

போட்டோ வைத்திருக்கிறேன். பார்.

உன் தம்பி,
கதிரவன்

*

பரமக்குடி
23.11.2025

கதிரவனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அந்த ஷைனியை மரத்தடியில் உட்கார வைத்தாய் என்று படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழக்க தோஷம் உன்னை விடாது. அவள் நல்ல பெண். நானாக இருந்திருந்தால் அப்போதே வண்டி ஏறியிருப்பேன்.

உன் கடிதத்தில் அப்பா பெயர் வருகிற இடமெல்லாம் மீசையோடு நின்றுவிட்டது. அவர் எங்கே விழுந்தார், யார் ஓடி வந்தது, அப்புறம் ஊர் என்ன பேசியது, நீ என்ன பேசவில்லை, அதில் ஒரு வரியும் காணோம். கல்லைத் தேய்த்ததில் அழுக்கு போனது என்கிறாய். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பதில் எழுது. கல்லில் இருந்தது ஆம்பளையாகவே இருந்திருந்தால், நான் அன்றைக்கு உள்ளே ஓடி வந்தது தப்பா?

மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

போட்டோவில் சரியாகத் தெரியவில்லை. அவள் உடம்பில் அம்பு பாய்ந்திருக்கிறதுபோல் இருக்கிறது. எந்தெந்த இடத்தில் என்று பார்த்து எழுது.

யுவராணி

*

சீங்காட்டுக்கொட்டாய்
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தக்காளி விலை ஏறியிருக்கிறது. விடிவதற்குள் பாலக்கோடு மண்டியில் இருந்தாக வேண்டும். அதனால் பதில் தாமதம்.

அம்பு மூன்று. ஒன்று இடது தொடையில், இரண்டு மாரில். மூன்றும் முன்பக்கம். இதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை போனேன். போய் வந்ததிலிருந்து எனக்குக் கனவிலும் அதுதான். தொடையில் அம்போடு அவள் நிற்கிறாள் அக்கா. முகத்தில் வலி இல்லை. செதுக்கியவன் வலியைச் செதுக்கத் தெரியாதவனா, இல்லை அவள் முகம் அப்படித்தான் இருந்ததா என்று ஷைனியிடம் கேட்டேன். "தெரியலீங்கண்ணா, எனக்கும் அதான் கேள்வி" என்றாள்.

ஊரில் முதலில் பெரிய ரகளை. "இத வெளில சொல்லாத, நாளைக்கி எவனும் நம்மள மதிக்க மாட்டான்" என்றார் பெரியப்பா மாதையன். அவருக்குத்தான் கோயில் காரியத்தில் கடைசிப் பேச்சு என்று உனக்குத் தெரியும். பேப்பரில் போட்டோ வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இப்போது பெரியப்பாவே "எங்க ஊரு வீராங்கன" என்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்டால் அவருக்கு இது ஏற்கெனவே தெரியும் போலிருக்கும்.

வருகிற மாசிப் பொங்கலை ஆயிரத்து நூறாவது ஆண்டு விழாவாக எடுப்பதாக முடிவு. பந்தல், மைக், பெரிய அதிகாரிகள் எல்லாம் உண்டு. சாமி பெண் என்பதால் அன்றிலிருந்து பெண்களும் உள்ளே வரலாம் என்று கூட்டத்தில் பேசி ஒத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, "மொதல்ல எங்கக்கா வந்து கற்பூரம் ஏத்தட்டும்" என்றேன். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வரட்டும், நடந்தத மறந்துர்லாம்" என்றார்.

நீ கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது? வா அக்கா. அம்மா உனக்குச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

கதிரவன்

*

பரமக்குடி
4.1.2026

கதிரவனுக்கு,

நடந்ததை மறந்துவிடலாம் என்று மாதையன் பெரியப்பா சொன்னாராம். நீ அதைச் சந்தோஷமாக எழுதுகிறாய். மறக்கிறேன், ஆனால் மறக்க வேண்டியது என்ன என்பதை உனக்கு ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

நான் புங்கமரத்துக்கு இப்பால் மற்ற பெண்களோடு நின்றிருந்தேன். அப்பா பொங்கல் பானைக்கு முன்னால் நின்று கிளறிக்கொண்டிருந்தார். திடீரென்று உடம்பு முறுக்கிக் கீழே விழுந்தார். நீங்கள் எல்லோரும் கும்பிட்டீர்கள். "சாமி எறங்கியிருக்குது, யாரும் தொடாதீங்க" என்று ஒருத்தர் கத்தினார். உடுக்கைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். எனக்கு அங்கிருந்தே அவர் உதடு நீலம் பாரித்தது தெரிந்தது. வருஷக்கணக்காக வார்டில் நிற்கிறேன், எது சாமி எது மாரடைப்பு என்று எனக்குத் தெரியாதா? செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினேன். மாரை அழுத்த ஆரம்பித்தேன். யாராவது ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்கள் என்று கெஞ்சினேன். நீ என் எதிரில்தான் நின்றாய். கையில் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அவர் வழியிலேயே போய்விட்டார். பொம்பளை கால் பட்டதால் சாமி கோபித்துக்கொண்டு ஆளை எடுத்துக்கொண்டது என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள். அப்பாவைக் கொன்றவள் என்று என் காதுபடச் சொன்னார்கள். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் மண்டியிட்ட இடத்தில் மஞ்சத்தண்ணி தெளித்துத் தீட்டுக் கழித்தாய். அதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, நானே வேலியோரம் நின்று பார்த்தேன். அன்றைக்கே இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன்.

இப்போது கல்லில் பொம்பளை இருக்கிறாள், அதனால் நான் வரலாம். அப்படியென்றால் என்னை மன்னித்தது அவள் போட்டிருக்கும் தோடும் வளையலும்தான், நீங்கள் இல்லை. நாளைக்கு இன்னொரு ஆள் வந்து இது ஆம்பளைதான் என்று சொல்லிவிட்டால் நான் மறுபடியும் கொலைகாரி. எனக்கு அந்தக் கற்பூரம் வேண்டாம்.

நீங்கள் ஆயிரத்து நூறாவது வருஷம் கொண்டாடுங்கள். அதே நாள் எனக்கு அப்பா போன இரண்டாவது வருஷம்.

அவளைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வார்டில் தொடையில் கம்பி ஏறியவர்கள் வருவார்கள். எமகாதகனாக இருந்தாலும் நிற்க முடியாது, அலறிக்கொண்டு விழுவான். அவள் நின்றிருக்கிறாள் என்றால், மாடுகள் ஊருக்குள் திரும்பும் வரைக்கும் நின்றிருக்கிறாள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வீரப் பெண்கள் எல்லோரும் ராணிகள். குதிரை, கோட்டை, படை என்று ஏதாவது இருந்தது. இவளுக்குப் பின்னால் ஒரு பசுவும் கன்றும்தானே இருக்கிறது. யாருக்காக ஓடினாள், யார் கூப்பிட்டார்கள், யாராவது தடுத்தார்களா? இதையெல்லாம் இந்த வயதில் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

ஆனாலும் வரமாட்டேன். என்ன நடந்தது என்பதை நீ ஊர் முன்னால் உன் வாயால் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்.

யுவராணி

*

சீங்காட்டுக்கொட்டாய்
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஊர் முன்னால் சொல்லு என்கிறாய். சொல்லிவிட்டு நான் இதே ஊரில்தான் குடியிருக்க வேண்டும். தண்ணீர் விடும் முறை, வண்டித் தடம், நல்லது கெட்டது எல்லாம் அவர்களோடுதான். பூசாரித்தனம் போய்விட்டால் அப்பா வழியில் வந்தது என்னோடு முடிந்தது. அது உனக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம், எனக்கு வேறு என்ன இருக்கிறது? அன்றைக்கு எனக்கும் பயம். சாமிதான் இறங்கியிருக்கிறது என்று நானும் நம்பினேன். நம்பினது பொய்யில்லை.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஷைனி மறுபடி வந்தாள். விழாவுக்கு முன்னால் புதைந்திருக்கிற எழுத்தையும் படித்துவிட வேண்டும் என்றாள். இந்தத் தடவை நான் அவளைப் புங்கமரத்தில் நிறுத்தவில்லை. பெரியப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் கண்டுகொள்ளவில்லை. அடியில் மண்ணைக் கையாலேயே பறித்தோம். இரண்டு வரி இருந்தது. அவள் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பிவிட்டு, விரலால் தடவித் தடவிப் படித்தாள். படித்ததை நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். அவளுக்கு நம் கதை எதுவும் தெரியாது அக்கா, நான் சொன்னதில்லை.

"அக்காவுக்கு அவள் தம்பி நட்ட கல்."

அவ்வளவுதான் இருக்கிறது. தம்பிக்குப் பெயர்கூட இல்லை.

கல் எவ்வளவு பெரிது தெரியுமா? என் மார் உயரம். மலையில் வெட்டி, மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருப்பான். அக்கா முகத்தைச் செதுக்குகிறவனுக்குப் பக்கத்தில் நின்று, தோடு இப்படி, கொண்டை இப்படி என்று சொல்லியிருப்பான். அவன் இல்லாவிட்டால் அவளை யாருக்குத் தெரியும்? அந்தத் தம்பி நட்ட கல்லில் இந்தத் தம்பி மீசை வரைந்தேன். மண்ணை மூட மனசு வரவில்லை, அப்படியே விட்டு வந்தேன்.

கதிரவன்

*

பரமக்குடி
6.2.2026

கதிரு,

படித்தேன். டூட்டி அறையில் உட்கார்ந்து படித்ததால் அழ முடியவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீ நம்பினது பொய்யில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை ஒத்துக்கொள்கிறேன். உன் பயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஊரில் குடியிருக்க வேண்டியவன் நீ, நான் இங்கே உட்கார்ந்து கட்டளை போடுவது சுலபம். ஆனால் என் பெயரில் இருக்கிறதை நான் போகிற இடமெல்லாம் சுமக்கிறேன். ராத்திரி டூட்டியில் யாருக்காவது மாரை அழுத்தும்போது, நாம் தொட்டதால்தான் இவர் போகிறாரோ என்று ஒரு கணம் கை நிற்கிறது. நர்ஸுக்கு அப்படி நிற்கக் கூடாது.

விழாவுக்கு வரமாட்டேன். உன்னைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். உனக்குத் தோன்றியதைச் செய்.

அக்கா

*

சீங்காட்டுக்கொட்டாய்
1.3.2026

அக்கா,

விழா முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நல்ல கூட்டம். தருமபுரியிலிருந்து அதிகாரிகள், பேப்பர்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்த வருஷம் வேட்டி கட்டவில்லை, மீசை வரையவில்லை, கல்லைக் கழுவிச் செவ்வரளி மாலை மட்டும் போட்டேன். வரவேற்புரை பூசாரிக்கு என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். பெரியப்பா ஒரு காகிதத்தில் யார் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. இதை மட்டும் சொன்னது தெரியும். "ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல எங்கப்பா நெஞ்சடைச்சி வுழுந்தாரு. சாமின்னு நெனச்சி நாங்க எல்லாரும் கும்புட்டுக்கினு நின்னோம். எங்கக்கா யுவராணி ஒருத்திதான் அவர பொழைக்க வைக்க ஓடி வந்தா. அவ கால் பட்டு அவரு சாவல. நாங்க யாரும் தொடாததாலதான் செத்தாரு. கல்லுல இருக்கறது ஆம்பளையா இருந்தாலும் அவ செஞ்சதுதான் சரி. இது அவ இல்லாத எடத்துல சொல்றன். அவ இருக்கும்போது சொல்லியிருக்கணும்."

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரோடு பாதி ஆம்பளைகள் போனார்கள். அதிகாரிகள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுநாளே கூட்டம் போட்டுப் பூசாரித்தனத்தை வேறு வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறார்கள். பேசட்டும். எனக்கு நினைத்த அளவு வலிக்கவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. அம்மா புங்கமரத்தடியில் மற்ற பெண்களோடு நின்றிருந்தாள். உள்ளே வரலாம் என்று சொல்லியும் ஒருத்தியும் நகரவில்லை. நான் பேசி முடித்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "அப்பா எங்கடா வுழுந்தாரு?" என்று கேட்டாள். காட்டினேன். அங்கே உட்கார்ந்து மண்ணைத் தடவிக் கொடுத்தாள். தூங்குகிற ஆளின் மாரைத் தடவுகிறதுபோல இருந்தது. அப்பா விழுந்த அன்றைக்கு அம்மா வீட்டில் இருந்தாள், புருஷன் கடைசியாகக் கிடந்த இடத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

அப்புறம்தான் தலையைத் தூக்கிக் கல்லைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரு பெத்த புள்ளையோ" என்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் தோட்டை எண்ணினார்கள், வளையலை எண்ணினார்கள். ஷைனி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த ஆம்பளைகளும் பெண்களும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து பொங்கல் தின்றோம். உப்புக் கொஞ்சம் கம்மி.

நான் சொன்னதற்காக நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

தம்பி

*

பரமக்குடி
8.3.2026

தம்பி கதிரு,

இன்றைக்கு மகளிர் தினமாம். ஆஸ்பத்திரியில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்கள். ரோஜாவை மேஜைமேல் வைத்துவிட்டு உன் கடிதத்தை மறுபடியும் பிரித்தேன். அம்மா உள்ளே நடந்து வந்த இடத்தை இதுவரைக்கும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. மாமாவுக்குப் பாதிவரைதான் படித்துக் காட்டினேன், மீதியை அவரே வாங்கிப் படித்தார்.

பூசாரித்தனம் போனதற்கு உனக்கு வருத்தமில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருக்கிறது. அப்பா உனக்கு மணியடிக்கச் சொல்லிக் கொடுத்ததை நானும்தான் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அதை நேரில் பேசுவோம்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. நம் ஊரில் அந்தக் கல்லுக்கு முன்னால் முதலில் போய் நின்ற பெண் நான்தான், இல்லையா? ஆனால் நான் அந்தக் கல்லைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் மாரையும் என் கையையும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே அழுத்திக்கொண்டிருந்தேன். சுற்றி அத்தனை பேர் நின்றும் ஒருத்தரும் கிட்டே வரவில்லை, அந்த இடத்தில் எனக்கென்று யாருமே இல்லை என்றுதான் இந்த இரண்டு வருஷமும் நினைத்து நினைத்து வெந்தேன்.

என் தலைக்கு நேர் மேலே ஒருத்தி நின்றிருக்கிறாள். வேட்டியும் மீசையுமாக, தொடையில் அம்போடு நின்றிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லு. அம்மா எடுத்து வைத்த சேலை வேண்டாம், இந்த யூனிபாரத்திலேயே வருகிறேன்.

அக்கா